சிவப்புக் கையுறை

“சம்பந்தி வீடும் கக்கூஸும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.” கொரியாவில் இப்படி ஒரு பழமொழி உண்டு. இதை எனக்குச் சொன்னவர் என் கொரியச் சம்பந்தியேதான். ஜொன்ஜு ரயில் நிலையத்திலிருந்து எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், சிரிக்காமல் சொன்னார். பின் சீட்டில் இருந்த மருமகள் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, “மாமா, அவர் ஜோக் அடிக்கிறார்” என்று அவசரமாகச் சேர்த்தாள். பாளையங்கோட்டைக்கும் இந்த ஊருக்கும் ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, இதற்கு மேல் பழமொழியை மதிக்க முடியாது என்று சொல்லச் சொன்னேன். அப்போதுதான் சிரித்தார்.

அவள் என் தங்கை மகள். தங்கை போன பிறகு எங்கள் வீட்டில் வளர்ந்தவள். தேஜொன் நகரத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனாள். கூடப் படித்த பையனையே கட்டிக்கொண்டாள். 2021, கொரோனாக் காலம். அங்கே அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். இங்கே நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து செல்போன் திரையைப் பார்த்து அட்சதை போட்டோம். அட்சதை டீப்பாயில் விழுந்தது. அதைப் பொறுக்கிக் காக்கைக்கு வைத்த நாளிலிருந்து என் மனைவிக்கு ஒரே குறை. மறுவீடு நடக்கவில்லை. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் மறுவீடு என்றால் சொதி, தேங்காய்ப்பால் குழம்பு. மாப்பிள்ளைக்கும் சம்பந்திகளுக்கும் சொதி விருந்து வைத்தால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு. “இன்னும் பாதிக் கல்யாணந்தான் ஆயிருக்கு” என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் போன நவம்பர் இறுதியில் கிளம்பினோம். அவள் பெட்டியில் புளி, பெருங்காயம், அப்பளம், இட்லிப் பொடி, இரண்டு கிலோ பாசிப்பருப்பு. என் பெட்டியில் ஸ்வெட்டர்.

சியோலில் யோங்சான் நிலையத்தில் ஏறினால் கேடிஎக்ஸ் ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஜொன்ஜு. ஜன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்த வயல்கள். வைக்கோலை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உருட்டி, பெரிய பெரிய கொழுக்கட்டைகள் மாதிரி வயல் நடுவே போட்டிருந்தார்கள். இது ஜொல்லா நாடு. கொரியாவின் நெற்களஞ்சியம் என்றால் இந்தப் பக்கத்துச் சமவெளிதான். தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சாப்பாட்டில் இருக்கும் கர்வம் இந்த ஊர்க்காரர்களுக்கும் உண்டு. யுனெஸ்கோ 2012-இல் ஜொன்ஜுவை உணவுக்கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. சம்பந்தியிடம் அதைச் சொன்னபோது, ‘அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்ததாக்கும்’ என்பதுபோல் உதட்டைச் சுழித்தார்.

அவர்கள் வீடு ஜொன்ஜுவைச் சுற்றியிருக்கிற வான்ஜு மாவட்டத்தில், ஒரு கிராமத்தில். ஹூண்டாயின் பஸ், லாரி ஆலை இந்த வான்ஜுவில்தான் இருக்கிறது. சம்பந்தி அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்த ஒரே சொல் ‘சென்னை’. இருங்காட்டுக்கோட்டை ஆலையின் புண்ணியம். வாசலில் ஒரு சீமைப் பனிச்சை மரம், நாம் பெர்சிமன் என்று கடையில் வாங்குகிறோமே அதுதான். இலை முழுவதும் உதிர்ந்து உச்சியில் மட்டும் ஏழெட்டுப் பழங்கள் ஆரஞ்சு பல்பு மாதிரி நின்றன. எட்டாமல் விட்டுவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். மேக்பை பறவைகளுக்காக விடுவதாம். அதற்குப் பெயரே ‘கச்சிபாப்’, அந்தப் பறவையின் சோறு. என் மனைவி அண்ணாந்து பார்த்து, “நம்ம காக்காச் சோறு மரத்துலயே வச்சிருக்காங்க” என்றாள். இந்த ஊரைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவரை குளிரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் இரவுச் சாப்பாடு ஒரு சோதனை. தரையில் குட்டையான மேசை, அதன்மேல் நான் எண்ணியவரை பதினேழு கிண்ணங்கள். சோறும் சூப்பும் மட்டும் ஆளுக்குத் தனி. மற்றதெல்லாம் நடுவில், எல்லோருக்கும் பொது. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். நான் அவரை எதிர்பார்க்க, அவர் என்னை எதிர்பார்க்க, மாப்பிள்ளை எங்கள் இருவர் வயதையும் கணக்குப் போட்டு, நான் எட்டு மாதம் மூத்தவன் என்று தீர்ப்புச் சொன்னார். எடுத்தேன்.

சிக்கல் என் மனைவிக்கு. அவள் சுத்த சைவம். நான் வீட்டில் சைவம், வாசல் தாண்டினால் கொஞ்சம் தாராளம். மேசையில் பார்க்கக் கீரையாகவும் காயாகவும் முக்கால்வாசி இருந்தது. ஆனால் கொரியச் சமையலில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கீரை சூப்பின் அடியில் நெத்திலி வேகவைத்த தண்ணீர், கத்தரிக்காயில் நெத்திலிச் சாறு, கிம்ச்சிக்குள் உப்பில் ஊறிய கூனி இறால். மருமகள் ஒவ்வொரு கிண்ணமாகக் காட்டி, “இது முடியாது அத்தை, இதுவும் முடியாது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழில் நாலு தேறியது. சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எந்த நாலு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என் மனைவியைக் காப்பாற்றியது காந்தல். பானையில் சோற்றை எடுத்தபின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருந்ததைச் சுரண்டாமல், அதன்மேல் வெந்நீரை ஊற்றி மூடி வைத்தார் சம்பந்தியம்மா. கொஞ்ச நேரத்தில் சட்டுவத்தால் அடியை உரசி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தார். காந்தலுக்கு ‘நுருங்ஜி’, அந்தக் கஞ்சிக்கு ‘சுங்ன்யுங்’. வறுத்த அரிசி வாசனை, உப்புக்கூட இல்லை. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எங்க ஆச்சி அடிப்பானையில தண்ணி ஊத்தித் தருவா பாருங்க, அதேதான்.” இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். தரைக்கு அடியில் சூடு ஓடும் ஒந்தொல் அறையில் மெத்தை விரித்துப் படுத்தோம். முழங்கால் வலிக்குத் தைலம் தேடாமல் அவள் தூங்கிய இரவு சமீபத்தில் அது ஒன்றுதான்.

மறுநாள் ஜொன்ஜு. எழுநூறுக்கும் மேற்பட்ட ஓட்டு வீடுகள் சேர்ந்து நிற்கும் ஹானொக் கிராமம், 1392-இல் ஜொசொன் வம்சத்தைத் தொடங்கிய தேஜோ அரசரின் உருவப்படம் இருக்கும் கியொங்கிஜொன் மண்டபம், அதற்கு எதிரே 1914-இல் கட்டி முடித்த செங்கல் தேவாலயம் எல்லாம் பார்த்தோம். வாடகைக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு போட்டோ எடுக்கும் கூட்டம் மொய்க்கிறது. நல்ல இடம்தான். ஆனால் நான் திரும்பிப் போக நினைப்பது அங்கே இல்லை; நம்பு சந்தைக்கு.

காலை ஏழு மணிக்குச் சந்தைக்குள் கொங்நாமுல் குக்பாப் கடை. கொங்நாமுல் என்றால் சோயா முளை. நம் கடைகளில் கிடைக்கும் பாசிப்பயறு முளையைவிட நீளம், தலையில் மஞ்சள் பருப்பு அப்படியே இருக்கும், கடித்தால் நறுக்கென்று முறியும். முளையும் சோறும் கொதிக்கிற சாற்றில் மிதந்து வந்தன. கூடவே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை. நான் முட்டையைத் தூக்கிச் சூப்பில் போடப் போனேன். சம்பந்தி என் கையைப் பிடித்துவிட்டார். முதலில் சூப்பிலிருந்து மூன்று கரண்டி சூடான சாறு முட்டைக் கிண்ணத்துக்குள். பிறகு கடற்பாசித் தாளை விரலால் கிழித்து அதன்மேல். அதைக் கலக்கிக் குடித்து வயிற்றை ஆற்றிய பிறகுதான் சூப்பில் கரண்டி வைக்க வேண்டும். நேற்றிரவு குடித்தவர்களுக்கான காலைச் சாப்பாடாம் இது. குடிக்காதவர்களுக்கும் குறை ஒன்றும் இல்லை. தெளிந்த சாறு, கொஞ்சம் உப்பிட்ட இறால், நெற்றியில் மெல்ல வேர்வை. சாமி சத்தியமாக, அந்த ஒரு வாரத்தில் நான் சாப்பிட்டதில் இதற்கு மிஞ்சியது இல்லை.

என் மனைவிக்கு அங்கே சாப்பிட எதுவும் இல்லாததால், கடைக்காரம்மா பரிதாபப்பட்டு ஒரு கோப்பையில் பழுப்பாக, கெட்டியாக, ஆவி பறக்க ஏதோ ஊற்றிக் கொடுத்தார். பட்டை, இஞ்சி, அதிமதுரம், பேரீச்சைபோல் ஏதோ ஒரு இனிப்பு. “சுக்குக் கஷாயம் மாதிரி இருக்கு, கருப்பட்டி போட்டிருப்பாங்களோ” என்று ரசித்துக் குடித்து இன்னொரு கோப்பையும் வாங்கிக்கொண்டாள். அது முடிகிற நேரத்தில் கைகழுவப் போயிருந்த மருமகள் திரும்பி வந்தாள். கோப்பையைப் பார்த்ததும் முகம் மாறியது. அதன் பெயர் மோஜு. மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளில் இலந்தையும் பட்டையும் மற்றதும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுவது. காய்ச்சுவதில் சாராயம் போய்விடும். முழுக்கப் போகாது, நூற்றுக்கு ஒன்றரை பங்கு இருக்கும். செய்தி கேட்டு என் மனைவி சற்று நேரம் யோசித்தாள். “சளிக்கு நல்லதுதானே, விடு ஏளா” என்றாள். ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிபிம்பாப்பைப் பற்றிச் சொல்லாமல் ஜொன்ஜுவை எழுத முடியாது என்பதால் சொல்கிறேன். கனத்த வெண்கலக் கிண்ணம், நடுவில் மஞ்சள் கரு, சுற்றிலும் கலர் கலராகக் கீரைகள், பச்சை மாட்டிறைச்சிக் கீற்று, சிறுகத்தியால் நறுக்கிய மஞ்சள் நிறப் பாசிப்பயறுக் களி. அந்த மஞ்சள் கார்டீனியாக் காயிலிருந்து எடுக்கிற சாயம். பார்க்க அழகு. இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கி என் மனைவியும் சாப்பிட்டாள். ஆனால் சுற்றுலாக்காரர்களுக்காக அலங்காரம் கூடிப்போன பண்டம் அது. கலக்கிய பிறகு எல்லாம் கொச்சுஜாங் மிளகாய் விழுதின் ஒரே ருசிதான். சம்பந்தியிடம் பயந்து பயந்து இதைச் சொன்னேன். “நாங்கள் யாரும் காசு கொடுத்துப் பிபிம்பாப் சாப்பிடுவதில்லை. அது வீட்டில் மிச்சம் மீதியைப் போட்டுக் கிளறுவது” என்றார். கூட்டாஞ்சோற்றை யாராவது வெண்கலக் கிண்ணத்தில் வைத்து விற்றால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி.

என் மனைவி ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று சம்பந்தியம்மா எல்லோரையும் காரில் ஏற்றித் தெற்கே பெக்யாங்சா கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் புத்த விகாரைக்குத்தான் போக வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. நெட்ஃபிளிக்ஸின் ‘செஃப்ஸ் டேபிள்’ தொடரில் 2017-இல் வந்து உலகப் புகழ் பெற்ற பிக்குணி ஜொங்குவான் இருப்பது இந்தக் கோயிலைச் சேர்ந்த ஆசிரமத்தில். அவரைப் பார்க்கும் பாக்கியமெல்லாம் எங்களுக்கு இல்லை. பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று சோறு, காளான் வறுவல், தாமரைக் கிழங்கு, த்வென்ஜாங் என்கிற சோயா விழுதில் வைத்த சூப் வாங்கினோம். கொரியாவுக்கு வந்த பிறகு என் மனைவி யாரையும் கேள்வி கேட்காமல் சாப்பிட்ட முதல் தட்டு.

சாப்பிடும்போது மருமகள் ஒரு விஷயம் சொன்னாள். கோயில் சமையலில் இறைச்சி, மீன் மட்டும் விலக்கு இல்லை. வாடை கிளப்பி மனசைக் கலைக்கும் ஐந்து பொருள்களும் விலக்கு. பூண்டு, வெங்காயத்தாள், இன்னும் இரண்டு வகை உள்ளி, இது நாலு. ஐந்தாவது ‘ஹுங்கொ’. கொரிய மண்ணில் விளையாதது, பெரும்பாலானவர்கள் கண்ணால்கூடப் பார்த்திராதது. புத்த நூல்களோடு இந்தியாவிலிருந்து ‘ஹிங்கு’ என்று கிளம்பி, சீனம் வழியாகப் போய் ‘ஹுங்கொ’ ஆகியிருக்கிறது. பெருங்காயம்! இல்லாத ஒரு பொருளை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக விலக்கி வைத்திருக்கிறார்கள். என் மனைவி மடியிலிருந்த கைப்பையை மெல்ல இறுக்கிக்கொண்டாள். ரசத்துக்கு எங்கே வேண்டியிருக்குமோ என்று அவள் கூட்டுப் பெருங்காய டப்பாவோடுதான் ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போன வாரத்தில் கிம்ஜாங் இருந்தது தற்செயல் இல்லை. மருமகள் பார்த்துத்தான் தேதி குறித்திருக்கிறாள். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கிம்ச்சியை ஒரே மூச்சில் போட்டு வைக்கிற வேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். யுனெஸ்கோ 2013-இல் இதையும் மரபுப் பட்டியலில் சேர்த்தாயிற்று. நம் வீடுகளில் சித்திரை வெயிலில் வத்தல், வடகம் போடுவார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், அளவை மட்டும் பத்தால் பெருக்கிக்கொண்டு. தோட்டத்திலிருந்து நாற்பது முட்டைக்கோஸ். நம் உருண்டைக் கோஸ் இல்லை. நீளமாக, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனத்தில். அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, மீதியைக் கையால் பிய்த்துப் பிளக்கிறார்கள். முழுவதும் வெட்டினால் உள் இலை தூளாகிவிடும்.

உப்பு மூட்டை கொல்லையில் செங்கல்மேல் நின்றது. சினான் தீவுகளில் வெயிலில் விளைந்த கல்லுப்பு. வாங்கி மூன்று வருஷம் ஆகிறதாம். மூட்டைக்கு அடியில் ஒரு கிண்ணம். கசப்பு நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து முடிந்தால்தான் கிம்ச்சிக்கு ஆகும். தூத்துக்குடி உப்பளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான், உப்பை இப்படி வயதாக விட்டுச் சாப்பிடுகிறவர்களை இங்கேதான் பார்த்தேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டேன். உண்மையிலேயே நாக்கின் கடைசியில் அந்தக் கசப்பு இல்லை.

இலைக்கு இலை உப்புத் தூவி, உப்புத் தண்ணீரில் அமுக்கி வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவு திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, சம்பந்தியம்மா தனியாக எண்பது பாதிக் கோஸையும் மேல் கீழாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். போய் ஒத்தாசை செய்யலாமா என்று யோசித்தேன். குளிர் யோசனையை முடித்து வைத்தது. காலையில் அவர் ஒரு மட்டையை எடுத்து வளைத்துப் பார்த்தார். ஒடியாமல் பணப்பை மாதிரி மடிந்தது. தலையை ஆட்டினார். அதன்பிறகு மூன்று முறை அலசல், தட்டியில் கவிழ்த்துத் தண்ணீர் வடித்தல்.

பத்து மணிக்கு அவருடைய தங்கைகள் இருவரும் அண்டை வீட்டுப் பெண்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். இன்று இங்கே, நாளை மறுநாள் அடுத்த வீட்டில், நடவுக்குப் பதிலாள் போவது மாதிரி. நடுவில் தார்ப்பாய், அதன்மேல் குழந்தை குளிக்கிற தொட்டி அளவுக்குச் சிவப்புத் தொட்டி. நீளவாக்கில் சீவிய முள்ளங்கி, கடுகுக் கீரை, வெங்காயத்தாள், பூண்டு, இஞ்சி, பேரிக்காய்ச் சாறு, பச்சரிசிக் கூழ்போல் ஒட்டும் அரிசியில் காய்ச்சிய பசை, நெத்திலிச் சாறு, கூனி இறால். அதன்மேல் ஐந்தாறு கிலோ மிளகாய்ப்பொடி மலையாகக் கொட்டியது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “இதைச் சாப்பிட்டா ஆள் பிழைக்குமா?” ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்ததும் முகம் குழம்பியது. விதை நீக்கி வெயிலில் காய்ந்த கொச்சுகாரு. நிறம்தான் கோபம், உள்ளே கொஞ்சம் இனிப்பு. நம் சம்பா வத்தலில் கால்பங்கு காரம்கூட வராது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறிய மிளகாய் இவர்களுக்கும் நமக்கும் சில நூறு வருஷ உறவுதான். ஆனால் அது இல்லாத காலத்தை இரண்டு பேராலும் இப்போது கற்பனை செய்ய முடியாது.

அப்போதுதான் சம்பந்தியம்மா உள்ளே போய் இன்னொரு தொட்டியோடு வந்தார். புதியது, விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. கூடவே புதுக் கத்தி, புதுப் பலகை. இந்தத் தொட்டியில் மீன் இல்லை, இறால் இல்லை. கொம்புப் பாசியும் காய்ந்த காளானும் கொதிக்க வைத்த சாறு, உப்புக்குத் தன் வீட்டுப் பானையில் ஊறிய சோயாச் சாறு. கோயில்களில் போடுகிற முறை, பூண்டு மட்டும் உண்டு. நாற்பதில் எட்டுக் கோஸ் இதற்கென்று தனியாக வடிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். முதல் ராத்திரி அந்த நாலு கிண்ணத்தை அவர் எதற்காகப் பார்த்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் கையுறையை என் மனைவியிடம் நீட்டினார். ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பணிவாகச் சொல்லவில்லை. நீட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் மோவாயைக் காட்டினார். விருந்தாளியை யாரும் வேலை வாங்க மாட்டார்கள். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டிலும் அப்படித்தான். அருவாமனை யார் முன்னால் போடப்படுகிறது என்பதை வைத்து யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லிவிடலாம். என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சம்பந்தி வீட்டுப் பூப்போட்ட பஞ்சு ஜாக்கெட்டுக்குள் நுழைந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கோஸில் அள்ளி அள்ளி அப்பினாள். பக்கத்திலிருந்த தங்கைக்காரி அவள் மணிக்கட்டைத் தட்டினார். அடி இலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, தடித்த வெள்ளைப் பகுதியில் அதிகமாக, நுனிப் பச்சையில் சும்மா தடவலாக. எல்லா இலையும் முடிந்ததும் மேல் இலை ஒன்றை இழுத்து முழுக் கோஸையும் சுற்றிக் கட்ட வேண்டும், குழந்தையைத் துணியில் பொதிவது மாதிரி. மூன்றாவது கோஸில் கை பழகிவிட்டது. ஐந்தாவதில் என் மனைவி அடுத்தவருக்குத் திருத்தம் சொல்ல ஆரம்பித்தாள், தமிழில். யாரும் புரியாமல் நிற்கவில்லை.

ஆண்கள் என்ன செய்தோம் என்றால் தண்ணீர் தூக்கினோம், நிரம்பிய பெட்டிகளை அடுக்கினோம், பன்றி இறைச்சியை வேகப் போட்டுவிட்டு அடுப்பைச் சுற்றி நின்று பேசினோம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மூன்று நாள் வேலையில் இரண்டே முக்கால் நாள் பெண்களின் இடுப்புதான் ஒடிகிறது. இந்தத் தலைமுறையில் பலர் வேண்டாம் என்று கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிக் கைவிட்டவர்களுக்குக் ‘கிம்போஜொக்’ என்று பட்டப்பெயர்கூட வந்துவிட்டது. அடுத்த வருஷம் தானும் கிம்போஜொக் என்று மருமகள் என் காதில் சொன்னாள். மாமியாரிடம் சொல்லும் தைரியம் வரவில்லையாம்.

வேலை முடிகிற நேரத்தில் சம்பந்தியம்மா கோஸின் நடுவிலிருந்த இளமஞ்சள் இலையைக் கிழித்து, விழுதைச் சுருட்டி, நேராக என் மனைவி வாயருகே கொண்டுபோனார். எனக்குத் திக்கென்றது. நாற்பது வருஷமாக நான் பார்த்த பெண் அடுத்தவர் கையால் ஊட்டி வாங்கியதே இல்லை. எச்சில், பத்து என்று ஆயிரம் பார்ப்பாள். வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் வந்தது, பூண்டின் காரம். “உப்பு சரியா இருக்கு” என்றாள். அதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் வெந்த பன்றி இறைச்சி, பச்சைச் சிப்பி, புதுக் கிம்ச்சி மூன்றையும் ஒரே வாய்க்குள் அடக்கும் பந்தி தொடங்கியிருந்தது. அதில் நான் எத்தனை முறை கைநீட்டினேன் என்பது வீட்டில் தெரிய வேண்டாம்.

கிம்ச்சி பக்குவமாவதை ‘இக்தா’ என்கிறார்கள். பழம் பழுத்தாலும் இக்தா, கறி வெந்தாலும் இக்தா, ஒரு வேலை கைக்குப் பழகினாலும் இக்தா. பழுத்தலும் பழகுதலும் நமக்கும் பக்கத்துப் பக்கத்துச் சொல்தானே என்று நான் துள்ளினேன். மருமகள் ஆராய்ச்சிக்காரி அல்லவா, “அகராதியில் அது இரண்டு வேறு சொல் மாமா, ஒலிதான் ஒன்று” என்று தண்ணீரை ஊற்றினாள். பழையதையும் இந்த வரிசையில் சேர்க்க நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முன்தினம் மறுவீடு நடந்தது, சம்பந்தி வீட்டிலேயே. பஸ் நிலையம் பக்கம் நேபாள, வியத்நாம் தொழிலாளர்கள் வாங்கும் கடையில் தேங்காய்ப்பால் டின் கிடைத்தது. முருங்கைக்காய் கிடைக்கவில்லை, அது ஒரு குறைதான். ஆனால் இஞ்சி! வான்ஜுவின் பொங்தொங் இஞ்சிக்குப் பேர்போன இடம். அந்தக் காலத்தில் அடுப்புச் சூடு போகும் தரைக்கு அடியிலேயே குழி வெட்டி, குளிர் தாக்காமல் விதை இஞ்சியை வைத்திருப்பார்களாம். அந்த இஞ்சியில் என் மனைவி வைத்த பச்சடி பாளையங்கோட்டையில் வைப்பதைவிட ஒரு படி மேல் என்று சொன்னேன். அவளுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

சொதி மேசைக்கு வந்தது. நாம் சோற்றின்மேல் சொதியை ஊற்றுவோம். சம்பந்தி தன் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துச் சொதிக் கிண்ணத்துக்குள் கவிழ்த்தார். சூப்பில் சோற்றைப் போட்டுக் கரைத்துச் சாப்பிடுகிற ஊர். அவருக்கு அதுதான் முறை. ஒரு கரண்டி, நிறுத்தினார். இனிப்பாக இருக்கிறதே என்றார். எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழிந்தோம். பிறகு கையெட்டும் தூரத்தில் இருந்த கிம்ச்சியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், அதன்பிறகு நிற்கவில்லை. சொதிக்கு உருளைக்கிழங்கு வறுவல்தான் ஜோடி என்று அறுபது வருஷமாக நம்பியிருந்தவன் நான். புளித்த பழைய கிம்ச்சி அதைவிடப் பொருந்துகிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். திருநெல்வேலியில் யாரும் அடிக்க வராமல் இருக்கட்டும்.

மருமகள் அன்றைக்கு மாமியாருக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுத்தாள்: மதினி. எங்கள் பக்கத்தில் சம்பந்திப் பெண்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வாயில் அது ‘மாதினி’ ஆயிற்று.

அந்த எட்டுக் கோஸில் இரண்டு எங்களோடு ஊருக்கு வந்தது. மூன்று உறை போட்டுக் கட்டி, காற்றுக்கு இடம் விட்டு, பெட்டியின் நடுவில். இருந்தும் சென்னையில் பெட்டி வந்து விழுந்தபோதே பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். என் வேட்டி இரண்டு, மாப்பிள்ளை கொடுத்த வெள்ளைச் சட்டை ஒன்று, மூன்றும் இன்றைக்கும் இளஞ்சிவப்பு. சம்பந்தி வீட்டில் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்பெட்டி உண்டு. 1995-இல் ‘திம்சே’ என்ற ஒன்று சந்தைக்கு வந்து பிடித்துக்கொண்டதிலிருந்து அங்கே வீட்டுக்கு வீடு அதுதானாம். எங்கள் வீட்டில் கிம்ச்சி தோசைமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் தோசை கொஞ்சம் சிவந்த குணத்தோடு வந்தது.

வாரத்துக்கு ஒருமுறை செல்போனில் முகம் வருகிறது. “மாதினி! இகொஸ்ஸொயோ?” பழுத்துவிட்டதா என்று கேள்வி. என் மனைவி டப்பாவைத் திறந்து திரைக்கு முன்னால் நீட்டுவாள், மணம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில். அந்தக் கிம்ச்சி தீர்ந்தே போய்விட்டது. உள்ளூர்க் கோஸிலும் சம்பா வத்தலிலும் அவள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அதைத் திரையில் பார்த்த சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது சிவப்புக் கையுறை கொல்லைக் கொடியில் காய்கிறது. நேற்று நார்த்தங்காய்க்கு உப்புத் திணிக்க அதைத்தான் போட்டிருந்தாள். வேலைக்கு வரும் அம்மா பாத்திரம் விளக்க அதைக் கேட்டதற்கு, தர முடியாது என்று சொல்லிவிட்டாள்.